யாத் வஷேம் நினைவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எருசலேமில் உள்ள யாத் வஷேம் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தமிழில்தான் எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்கள் ஊரில் ஓர் ஆள் கிடைக்காமலா போய்விடும்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹிட்லரின் நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவகம் உங்களுடையது. யூதர் அல்லாத ஒருவர், அந்தக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றியிருந்தால் அவருக்கு ‘உலக நாடுகளின் நீதிமான்’ என்று பட்டம் தருகிறீர்கள். நல்ல காரியம். அந்த ‘யூதர் அல்லாத’ என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

1944 மே 31 அன்று, பிரான்சின் ஆன்மாஸ் ஊருக்குப் பக்கத்தில், 28 யூதப் பிள்ளைகளை சுவிஸ் எல்லைக்குக் கூட்டிப்போன மரியான் கோன் பிடிபட்டார். ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், வயது 21. நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோ சிறையாக்கி வைத்திருந்த பாக்ஸ் ஓட்டலில் அடைத்தார்கள். ஊர் மேயர் ழான் தெஃபோ சாப்பாடு கொண்டுவந்தார். மன்றாடிப் பேசி, சின்னப் பிள்ளைகளை வெளியே எடுத்தார். மரியான் தப்பிக்கத் தோழர்கள் வழி பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். தான் போனால் பிள்ளைகள்மேல் கை வைப்பார்களே என்ற பயம். ஜூலையில் ஓர் இரவு அவரைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

தெஃபோ உங்கள் பட்டியலில் இருக்கிறார், இருக்க வேண்டியவர்தான். மரியான் இல்லை.

ஆம்ஸ்டர்டாமிலும் இதே கதை. முகாமுக்கு அனுப்ப நாஜிகள் பிடித்து வந்த யூதப் பெற்றோர் ஒரு நாடக அரங்கில், பிள்ளைகள் எதிர்ச்சாரியில் இருந்த காப்பகத்தில், நடுவே ட்ராம் பாதை. ட்ராம் வந்து மறைக்கும் அந்தச் சில நொடியில், அரங்க வாசலில் நிற்கும் காவலாளிக்குக் காப்பகக் கதவு தெரியாது. காப்பகத்தில் வேலை செய்தவர்கள் பிள்ளையோடு ஓடிப்போய் அதே ட்ராமில் ஏறிவிடுவார்கள். அரங்கின் நிர்வாகத்தைப் பார்த்த வால்டர் சூஸ்கிண்ட் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். கணக்கில் அப்படி ஒரு பிள்ளையே கிடையாது. இப்படிச் சுமார் 600 பேர். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டல் 1943இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்டும் போர் முடியும்வரை இருக்கவில்லை. பிள்ளைகளைத் தன் தோட்டத்து வழியாக வாங்கிக்கொண்ட பக்கத்துக் கல்லூரியின் தலைவர் வான் ஹுல்ஸ்ட்டுக்குப் பட்டம் உண்டு. மற்ற இருவரும் யூதர்கள்.

யூதர் யூதரைக் காப்பது கடமை, பிறர் காத்தால்தான் நன்றி சொல்ல வேண்டும் என்பீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் பாக்ஸ் ஓட்டலை விட்டு வரமாட்டேன் என்று மரியான் சொன்னது எந்தக் கடமையில் சேர்த்தி? பிடிபட்டால் தெஃபோவைவிட அவருக்குத்தானே ஆபத்து அதிகம்?

நீதிமான் பட்டத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். பிள்ளைகளைக் காத்த யூதர்களுக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுங்கள். உங்கள் ஊரிலேயே பினேய் பிரித் என்ற யூதச் சேவை அமைப்பு 2011 முதல் சான்றிதழ் கொடுத்து வருகிறது. நீங்கள் கொடுத்தால் அதற்கு வேறு கனம். உங்கள் நீதிமான் தோட்டத்தில் தெஃபோவின் பெயர் இருக்கும் சுவரிலிருந்து நாலு எட்டில் ஓர் இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்