ஜனாதிபதி அவர்களே, அடுத்த முறை காங்கேசன்துறையால் போங்கள்

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம்.

ஜனாதிபதிமார் டெல்லிக்குப் போய்வரும் போதெல்லாம் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த நாள் பேப்பரில் கூட்டறிக்கையை யாராவது சத்தமாக வாசிப்பார்கள். மற்றவர்கள், அதில் எங்கள் வடக்குத் துறைமுகமான காங்கேசன்துறை என்ற சொல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். 2024 டிசெம்பரில், பதவியேற்றபின் முதல் வெளிநாட்டுப் பயணமாக நீங்கள் டெல்லி போனபோதும் அப்படித்தான். மின் இணைப்பு வந்தது, எண்ணெய்க் குழாய் வந்தது, திருகோணமலை வந்தது, எட்கா என்கிற இந்திய-இலங்கைப் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை வந்தது. அப்புறம் காங்கேசன்துறையும் வந்தது. சரி, வந்துவிட்டதே என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினோம்.

அந்தப் பயணத்தில் எனக்குக் குறை இல்லை. உங்கள் ஜே.வி.பி. கட்சி ஒரு காலத்தில் இளைஞர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அந்தக் கட்சியின் தலைவர் டெல்லியில் நின்று பொருளாதார ஒத்துழைப்புப் பேசுவது சின்ன விஷயமில்லை. 2022 இல் நாங்களெல்லாம் பெற்றோல் வரிசையில் காய்ந்துகொண்டிருந்தபோது இந்தியா ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்ததை மறக்கவும் இல்லை. அடுத்த மாதம் பெய்ஜிங் போனீர்கள். அம்பாந்தோட்டை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு 3.7 பில்லியன் டொலர் என்றார்கள். அதுவும் வரட்டும். என் முறைப்பாடு வேறு.

கொழும்பில் இருப்பவருக்குப் பக்கத்து நாடு என்றால் விமானம் ஏறிப் போகிற இடம். வல்வெட்டித்துறையில் இருக்கும் எனக்கு அது கடலுக்கு அந்தப் பக்கம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 60 கடல் மைல். கொழும்பு 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன காலத்தில் யாரும் உடன்படிக்கை எழுதிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கோடிக்கரைப் பக்கம் போய்ப் படம் பார்த்துவிட்டு விடியக் கரைக்கு வந்த கதைகளை ஊர்ப் பழசுகள் இன்னும் சொல்வார்கள். (அந்தப் போக்குவரத்தில் பாதியைக் கொழும்பு கடத்தல் என்றது. அது கடத்தல்தான், மறைக்க ஒன்றுமில்லை. நேர்வழி இல்லாத இடத்தில் வேறு என்ன நடக்கும்?)

இன்றைக்கு என் கடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெட்டி சாமான் வரவேண்டுமென்றால், அது எங்கள் கடலைச் சுற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, லொறி ஏறி, ஏ-9 வீதியால் இரவிரவாக வடக்கே வருகிறது. இங்கிருந்து போகிற நண்டும் பனம்பொருளும் அதே வீதியால் தெற்கே போகின்றன. வாசலுக்கு எதிரே சந்தை இருக்க, ஊரைச் சுற்றிச் சந்தைக்குப் போகிற மாதிரி.

பயணிகள் கப்பல் ஓடுகிறதே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி பெரிய எடுப்பில் தொடங்கினார்கள். சில நாட்களில் காலநிலை என்று நிறுத்தினார்கள். மறுபடி 2024 ஓகஸ்டில் தொடங்கினார்கள். ஓடுகிறது, சந்தோஷம். ஆனால் அது ஆட்களையும் அவர்களுடைய பைகளையும் ஏற்றுகிற கப்பல். சூட்கேஸில் சேலை கொண்டுவந்து விற்கும் அக்காமார் அதில் வரலாம், வணிகம் வராது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த 61.5 மில்லியன் டொலரை இந்தியா நன்கொடையாகத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் காசில் அலைதடுப்பும் இறங்குதுறையும் கட்டினால் மட்டும் போதாது. சுங்கம், தாவரப் பரிசோதனை, உணவுப் பரிசோதனை மூன்றையும் அங்கேயே வையுங்கள். ஒரு சிறு வியாபாரி பத்துப் பெட்டியுடன் வந்தாலும், கொழும்புக்கு ஒரு தாள்கூட அனுப்பாமல், அன்றைக்கே சாமானை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இது டெல்லியிடம் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்தே போதும்.

தலைமன்னாரைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட தனுஷ்கோடியை 1964 டிசெம்பர்ப் புயல் தின்றது. 2015 இல் இந்திய உதவியில் தண்டவாளம் திரும்பவும் தலைமன்னார் வரை வந்தது. இராமேஸ்வரத்துக் கப்பல் விரைவில் வரும் என்று 2024 அறிக்கையும் சொல்கிறது. விரைவில் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இனி, சொல்லக் கசப்பான விஷயம். டெல்லியில் ஊடகங்களுக்கு முன்னால் இழுவைமடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலைத் தொழிலைப் பற்றி நீங்கள் வாய்திறந்து பேசினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் கூட்டறிக்கைகளில் மீன்பிடி எப்போதும் மனிதாபிமானம் என்ற சொல்லோடுதான் வருகிறது. பொருளாதாரம் வேறொரு பந்தியில் இருக்கிறது. இதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. திங்கள், புதன், சனி தமிழ்நாட்டு றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், வரும் நாட்கள் என்று எங்கள் கடற்றொழிலாளருக்கு மனப்பாடம். அந்த இரவுகளில் வலை விட்டால் விடியும்போது வலை இருக்காது. கடன் மட்டும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டில் தடைக்காலம். அந்த 61 நாள்தான் இங்கே சனம் மூச்சு விடுகிறது. கடலடியைச் சுரண்டிக் குஞ்சு குருமான் வரை வாரிக்கொண்டு போவது வணிகப் பிரச்சினை இல்லையென்றால், எதுதான் வணிகப் பிரச்சினை?

பிடிபடுகிறவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். படகு முதலாளி கரையில் இருப்பார். சிறையில் இருப்பவனுக்கு வீட்டில் நாலு வயிறு. கடற்படை பிடிக்கும், நீதிமன்றம் விடும், சென்னை டெல்லிக்குக் கடிதம் எழுதும். இந்தச் சுற்றில் யாருக்கும் மீன் கிடைக்கவில்லை. இழுவைமடியை 2017 இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்த நாடு நாங்கள். அதே ஆண்டில் இந்தியாவும் றோலர்களை ஆழ்கடல் படகுகளாக மாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது ஏன் ஊர்கிறது, அதை விரைவுபடுத்த எவ்வளவு காசு வேண்டும், எந்த ஆண்டுக்குள் எத்தனை படகு என்று மின்வடத்துக்குக் கணக்குக் கேட்கிற மாதிரியே இதற்கும் கேளுங்கள். எட்கா பேசும் அதே மேசையில், அதே ஆட்கள் இருக்கும்போது.

2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் உங்கள் தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு ஆறில் மூன்று ஆசனம் கொடுத்தது. தெற்கின் கட்சி ஒன்று இங்கே முதலாவதாக வருவதை என் வாழ்நாளில் காண்பேன் என்று நினைத்திருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் கச்சதீவுக்கும் போனீர்கள். நீங்கள் போனது பகலில்.

இந்த முறை ஒரு திங்கட்கிழமை இரவு வாருங்கள், தடைக்காலம் இல்லாத மாதமாகப் பார்த்து. பருத்தித்துறைக் கரையில் நின்றால் போதும், படகு ஏறத் தேவையில்லை. கடலுக்குள் ஒரு ஊர் இருப்பதுபோல வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த டெல்லிப் பயணத்தைக் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் தொடங்குங்கள். நாலு மணித்தியாலம்தான்.

இப்படிக்கு,
வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு சிறு வியாபாரி