சிவப்புக் கோடும் பச்சைக் கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறம், வலி போன்ற அனுபவங்களுக்குக் கணிதத்தில் வடிவம் தேடுவோரைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதைக் கேலி செய்து புதன்கிழமை வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். "பல்வலியை எந்தத் தராசில் நிறுப்பது?" என்று அந்த நண்பர் கேட்கிறார். நிறுக்கப் போவதாக யார் சொன்னது? முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவன் நான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. அது தெரியாமலேயே 1981-இல் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். கறுத்துக் கிடக்கும் குலை பழுக்கப் பழுக்கச் செம்மஞ்சளாகும் என்பார்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். எனக்கோ மட்டைகளுக்கு நடுவே எல்லாம் ஒரே மங்கல்தான். முதல் மாதம் நான் வெட்டித் தள்ளியதில் பாதிக்கு மேல் காய். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு காய்க்குலையையும் காலால் புரட்டிக் கணக்கெழுதிச் சம்பளத்தில் பிடித்தார். "கண்ணை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அதற்குப் பிறகு நான் மேலே பார்ப்பதையே விட்டுவிட்டு, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ண ஆரம்பித்தேன். பிடித்தம் நின்றது.

கண்ணில்தான் கோளாறு என்று தெரிய வந்தது லாரி ஓட்டும் வேலைக்குப் போனபோது. மருத்துவர், நிறம் பிரிந்து தெரிகிறதா என்று சோதிக்கும் இஷிஹாராவின் புள்ளிப் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் 12. அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் 3 என்றேன். பின்னால் வரிசையில் நின்ற பையன் சிரித்துவிட்டான். அவனுக்கு அது 8.

இந்த 8-க்கும் 3-க்கும் நடுவில்தான் கணிதம் வருகிறது. கிராஸ்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் (ரிக் வேதத்தை ஜெர்மனில் பெயர்த்தவரும் அவரே) நிறக் கலப்பின் விதிகளை 1853-இல் எழுதினார். எந்த நிறத்துக்கும் ஈடாக ஒரு நிறத்தை உண்டாக்க, சாதாரணக் கண்ணுக்கு மூன்று அடிப்படை ஒளிகள் வேண்டும். என்னைப் போன்ற கண்ணுக்கு இரண்டே போதும். அதாவது உங்கள் நிற உலகத்துக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் உண்டு. என்னுடையது தாளைப் போலத் தட்டை. இதைக் கண்டுபிடிக்க யாரும் என் மண்டைக்குள் புகுந்து பார்க்கவில்லை. "இதுவும் அதுவும் ஒன்றாகத் தெரிகிறதா?" என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிப் போன யொனேடா துணைத்தேற்றத்தைக் கணிதம் படிக்கும் என் பேத்தி விளக்கினாள். ஒரு பொருளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்; மற்ற எல்லாவற்றோடும் அதற்குள்ள உறவுகள் முழுதும் தெரிந்தால் அது எது என்று தெரிந்துவிடும் என்றாள். "தாத்தா, நம் லயத்து வீடுகளில் யார் யார் உங்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதினால், பெயர் போடாமலேயே உங்களைப் பிடித்துவிடலாம் இல்லையா?" பிடித்துவிடலாம்தான். எங்கள் லயத்து இரட்டைப் பிள்ளைகளைக்கூட அண்ணன், தம்பி என்ற சொற்கள் பிரித்துவிடும்.

நரம்பியல் அறிஞர் நவோட்சுகு சுச்சியாவும் கணித அறிஞர் ஹயாதோ சைகோவும் இந்தத் தேற்றத்தைத்தான் உணர்வு ஆய்வுக்குக் கொண்டு வந்தார்கள். சுச்சியாவின் குழுவினர் 93 நிறங்களை இரண்டிரண்டாகக் காட்டி, எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பலரிடம் கேட்டார்கள். பிறகு நிறங்களின் பெயரை மறைத்துவிட்டு, அந்த ஒற்றுமை வேற்றுமைகளின் அமைப்பை மட்டும் எடுத்து ஒரு கூட்டத்தின் அமைப்பை இன்னொரு கூட்டத்தின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். சாதாரணக் கண்ணுடைய இரு கூட்டங்கள் நிறத்துக்கு நிறம் பொருந்தின. அவர்களுடையதோடு என்னைப் போன்றவர்களுடையது பொருந்தவில்லை.

புதன்கிழமை நண்பர் இதைக் கேட்டால், "சிவப்பு எப்படியிருக்கும் என்று அது உனக்குச் சொல்லிவிடுமா?" என்பார். சொல்லாது. முப்பத்தைந்து வருடமாக என் மனைவி சொல்லிப் பார்க்கிறாள், அவளாலேயே முடியவில்லை. ஆனால் மண்டோர் என் கண்ணைப் பொய் என்றார். இந்த ஆய்வாளர்கள் நான் சொல்வதையும் ஒரு விடையாக எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிது.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்ட வரைபடத்தில் இரண்டு கோடுகளாம், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறக் கோடுகள். அவை குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அப்பால் எது எது என்று தெரியாமல் பேத்தியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அடுத்த முறை ஒன்றைப் புள்ளிக் கோடாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் குலைவெட்டுத் தொழிலாளி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.