எரி தானாகக் குதித்தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கதாசிரியர் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார், உடைந்தது ஒட்டிக்கொள்கிறது, போனது திரும்பிவிடுகிறது, அப்புறம் கதையில் எதற்கும் மதிப்பில்லை என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். வேறு யாரை உதாரணமாகக் காட்டியிருந்தாலும் பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அவர் காட்டியிருப்பது ‘மை ஹீரோ அகாடமியா’வில் வரும் சிறுமி எரியை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மங்கா என் வீட்டுக்கு வந்தது மகனால். அவன் பாதியில் விட்டுவிட்டான், நான் விடவில்லை. கோஹெய் ஹொரிகோஷி வரைந்த இந்தத் தொடர் 2014 ஜூலையில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி 2024 ஆகஸ்டில் முடிந்தது. 430 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

படிக்காதவர்களுக்காக நாலு வரி. அந்த உலகத்தில் பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒரு சக்தியோடு பிறக்கிறார்கள். அதற்கு ‘குவர்க்’ என்று பெயர். கதாநாயகன் மிதோரியா, பட்டப்பெயர் டெக்கு, சக்தி இல்லாமல் பிறந்தவன். ஆல் மைட் என்ற பெரிய வீரர் தன் சக்தியை அவனுக்குக் கைமாற்றிக் கொடுக்கிறார். உடம்பு தாங்கவில்லை. முழு பலத்தோடு ஒரு விரலைச் சுண்டினால் அந்த விரல் முறிகிறது, கையை வீசினால் கையே நொறுங்குகிறது.

என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனதே இதனால்தான். மற்ற சண்டைக் கதைகளில் அடுத்த வாரமே கட்டைப் பிரித்துவிட்டு ஓடுவார்கள். இங்கே முறிந்த எலும்புக்கு ஞாபகம் இருக்கிறது. டெக்கு படிக்கும் வீரர் பயிற்சிப் பள்ளியில் ரிகவரி கேர்ள் என்று ஒரு பாட்டி இருக்கிறார். காயம் ஆறும் வேகத்தைக் கூட்டுவதுதான் அவர் சக்தி. ஆனால் அதற்குச் செலவாவது நோயாளியின் சொந்தத் தெம்பு. பலவீனமாகக் கிடப்பவனுக்கு அதிகம் கொடுத்தால் அவனையே அது சாய்த்துவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் டெக்கு வலக்கையை நாசமாக்கிக்கொண்டபோது, இனி இப்படிப்பட்ட காயங்களைத் தான் ஆற்றப்போவதில்லை என்று அந்தப் பாட்டி சொல்லிவிடுகிறார். கை கோணல்மாணலாக, தழும்போடு நிற்கிறது. அதற்குப் பிறகும் அதை அப்படியே வரைகிறார் ஹொரிகோஷி. பிறகு இன்னொரு சண்டை, இரண்டு கைகளும் போகின்றன. இன்னும் இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் கைகளையே பயன்படுத்த முடியாமல் போகலாம் என்று மருத்துவர் எச்சரிக்கிறார். பையன் கையை விட்டுவிட்டுக் காலால் சண்டை போடும் முறைக்கு மாறுகிறான். முழு பலம் என்பது அவனிடம் இருந்தும் இல்லாத பொருளாகிவிடுகிறது.

இதைச் சொல்லாமல் எரியின் சக்தியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கட்டுரையாளர் இதைச் சொல்லவே இல்லை.

எரி முதலில் வரும் இடம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. டெக்குவும் மூத்த மாணவன் மிரியோவும் ரோந்து போகிறார்கள். ஒரு சந்திலிருந்து ஆறு வயதுப் பெண் குழந்தை ஓடிவந்து டெக்குவின் மீது மோதுகிறாள். நெற்றியில் சின்னக் கொம்பு, வெறுங்கால். கைகாலெல்லாம் கட்டு. என் கண் நேராகக் கட்டுக்குத்தான் போனது. விழுந்து எழுந்த குழந்தைக்கு முழங்காலில் கட்டு இருக்கும், முழங்கையில் இருக்கும். இரண்டு கையும் சுற்றிக் கட்டியிருக்கும் குழந்தை தடுக்கி விழுந்ததல்ல. பின்னாலேயே பறவை அலகு போன்ற முகமூடியோடு ஒருவன் வருகிறான். யாகுசா எனும் ஜப்பானியக் குற்றக் கும்பலை நடத்தும் சிசாகி, கதையில் ஓவர்ஹால் என்று பெயர். என் மகள், ரொம்பத் துறுதுறு, அடிக்கடி விழுந்துவிடுகிறாள் என்கிறான். வார்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காத செவிலியர் இருக்க முடியாது.

குழந்தை டெக்குவின் உடையைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறாள். ஓவர்ஹால் மெல்லக் கையுறையைக் கழற்றத் தொடங்குகிறான். அந்தக் கை பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உடனே பிடியை விட்டுவிட்டு அவனிடமே திரும்பிப் போகிறாள். காப்பாற்ற முடியாமல் போனதாக டெக்கு அதற்குப் பிறகு நொந்துகொண்டே இருக்கிறான். படிக்கிற எனக்கோ, அந்தச் சந்தில் காப்பாற்றப்பட்டது யார் என்பதில் சந்தேகமில்லை. ஆறு வயதுக் குழந்தை இரண்டு வளர்ந்த பையன்களைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள்.

அவளுடைய சக்தி என்ன என்பது பிறகுதான் தெரிகிறது. உயிருள்ள உடம்பைப் பழைய நிலைக்குத் திருப்புவது. அவள் தொட்டதில் பெற்ற தகப்பன் பின்னோக்கிப் போய்ப் போய் இல்லாமலே ஆகிவிட்டான். தாய் கைவிட்டாள். ஓவர்ஹாலின் கைக்கு வந்தது அந்தக் குழந்தை. அவன் சக்தி எதையும் பிரித்துத் திரும்பச் சேர்ப்பது. அவளைப் பிரிப்பான், வேண்டியதை எடுத்துக்கொள்வான், சேர்ப்பான், மறுபடி பிரிப்பான். அப்படி எடுத்ததைக் கொண்டு தோட்டாக்கள் செய்தான். பட்டவனின் உடம்பு குவர்க் தோன்றுவதற்கு முந்தைய மனித உடம்பாகத் திரும்பிவிடும். எரியைக் காக்கக் குறுக்கே பாய்ந்த மிரியோவின் சக்தி அந்தத் தோட்டாவில்தான் போகிறது. நீ பிறந்ததே சாபம், உன்னால்தான் எல்லாரும் சாகிறார்கள் என்று ஓவர்ஹால் குழந்தையின் காதில் ஓதி வைத்திருக்கிறான். மருந்துச் சீசாவுக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

இப்போது திருப்புமுனைக்கு வருகிறேன். ஓவர்ஹாலின் நிலத்தடி மறைவிடத்தில் சண்டை. எரியின் சக்தி பொங்குகிறது. அவள் ஓவர்ஹாலிடமிருந்து விடுபட்டு டெக்குவை நோக்கிக் கையை நீட்டிக் குதிக்கிறாள். யாரும் தூக்கவில்லை, பறிக்கவில்லை. அன்று சந்தில் தானாகப் பிடியை விட்டவள், இன்று தானாகத் தாவுகிறாள். டெக்கு மிரியோவின் மேலங்கியால் அவளை முதுகில் கட்டிக்கொள்கிறான்.

அடுத்து நடப்பது எந்த மருத்துவமனைக்காரரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். முழு பலத்தோடு பாய்ந்த காலில் எலும்பு முறிந்திருக்க வேண்டும், வலியே இல்லை. முதுகில் இருக்கும் குழந்தை அவனைக் கணத்துக்குக் கணம் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அதை நிறுத்தத் தெரியாது. சும்மா நின்றால் தகப்பனுக்கு நேர்ந்ததே இவனுக்கும் நேரும். அப்படியானால் வழி? அவள் திருப்பும் வேகத்துக்குச் சமமாக அவன் தன்னை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடி குறைந்தால் ஆள் காலி, அடி மிஞ்சினாலும் ஆள் காலி. பெரிய தீக்காயத்தில் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு போகிறதோ அதற்கு ஈடாகச் சலைன் ஏற வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அந்தக் கணக்கைத்தான் இங்கே ஒரு பையன் ஆகாயத்தில் பறந்தபடி போடுகிறான்.

இதைக் குறுக்குவழி என்கிறார் கட்டுரையாளர். அதுவரை டெக்குவைக் கட்டிப்போட்டிருந்தது தன் உடம்பைத் தானே உடைக்கும் சக்தி. அவளைக் கட்டிப்போட்டிருந்தது தொட்டவரை இல்லாமல் ஆக்கும் சக்தி. இரண்டு குறைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சமன் செய்கிறார் ஹொரிகோஷி. உன் சக்தி அன்பானது என்று டெக்கு அவளிடம் சொல்கிறான். ஆறுதலுக்காக அல்ல, அந்தக் கணத்தில் அது அவன் உடம்பே சொல்லும் சாட்சி. சாபம் என்று ஓதப்பட்ட குழந்தைக்கு இப்படியொரு மறுப்பு வேண்டியிருந்தது. சண்டை முடிந்த பிறகும் அவள் சக்தி அடங்கவில்லை, ஆசிரியர் அய்சாவா தன் பார்வையால் அதை அணைக்கிறார். வெற்றியின் நடுவிலேயே அந்த ஆபத்தையும் கதை மறைக்காமல் காட்டுகிறது.

சாவுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டதாம். அதே படலத்தில் சர் நைட்ஐ சாகிறார். ஆல் மைட்டுக்கு உதவியாளராக இருந்தவர், அடுத்தவரின் எதிர்காலத்தைப் பார்க்கும் சக்தி உள்ளவர். தான் பார்த்தது ஒருமுறைகூட மாறியதில்லை என்பதால் விதி மாறாது என்றே நம்பி வாழ்ந்த மனிதர். டெக்கு சாவதையும் பார்த்துவிட்டார். முன்னோக்கிப் பார்ப்பவரையும் பின்னோக்கித் திருப்புபவளையும் ஒரே படலத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லையா? அவர் கண்ட எதிர்காலம் பொய்த்துப்போவது பின்னோக்கித் திருப்பும் குழந்தை முதுகில் ஏறிய பிறகுதான். அந்தக் குழந்தையாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் காய்ச்சலில் நினைவின்றிக் கிடக்கிறாள். மருத்துவமனைப் படுக்கையில் அவர் போய்விடுகிறார். ஒருவர் பிழைக்க, பக்கத்து அறையில் ஒருவர் போவது எங்களுக்குப் பழகிய விஷயம். கதையில் அதை எழுதத் துணிவு வேண்டும்.

மிரியோவுக்குச் சக்தி திரும்பக் கிடைத்ததைத்தான் கட்டுரை பெரிதாகக் குற்றம் சொல்கிறது. கிடைத்தது உண்மை. ஆனால் எப்போது? மறு அத்தியாயத்திலா? இடையில் அந்தக் குழந்தைக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி விழாவே நடக்கிறது. சிரிப்பதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியாதவள் அவள். அய்சாவாவின் கண்காணிப்பில் இருந்து, சக்தியைப் பழகி, பிறகுதான் மிரியோவை மீட்கிறாள். மிரியோவும் அதுவரை அவளைப் பார்க்க வந்துபோனானே ஒழிய, என் சக்தியைத் திருப்பிக் கொடு என்று ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை. ஓவர்ஹாலுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் குழந்தையின் முகத்தைப் பார் என்று புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.

கடைசிப் போரில் இரண்டு இடங்கள். ஆல் ஃபார் ஒன் என்ற பெரும் வில்லன், எரியின் சக்தியிலிருந்து எடுத்த மருந்தைப் போட்டுக்கொள்கிறான். சிதைந்த முகம் திரும்ப வருகிறது, இளமை வருகிறது. ஆனால் நிறுத்த வழி கிடையாது. அடிபட அடிபட இன்னும் பின்னோக்கிப் போகிறான். வாலிபனாகி, சிறுவனாகி, குழந்தையாகி, இல்லாமல் போகிறான். கேட்காமல் எடுத்த மருந்து.

இன்னொரு பக்கம், டெக்கு இரண்டு கைகளையும் இழந்து நிற்கிறான். அந்தக் கைகள் திரும்புவது எரியின் கொம்பால். சக்தி சேரச் சேர வளரும் அந்தக் கொம்பை அவளே முறித்துக் கொடுத்தனுப்புகிறாள். ஒரு காலத்தில் அவளை வெட்டி எடுத்தார்கள்; இப்போது எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்கிறாள். கட்டுரையாளர் கைகள் திரும்பியதை மட்டும் எண்ணியிருக்கிறார். கொம்பு யார் கையால் முறிந்தது என்று பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பார்.

அவரோடு ஒத்துப்போகும் இடமும் இருக்கிறது. காலத்தைத் திருப்பி வாசகரை ஏமாற்றும் கதைகள் நிறைய உண்டு, அவற்றைச் சாடட்டும். நான் நல்லதென்று சொல்ல இன்னொன்றும் உண்டு: ஹிரோ மஷிமாவின் ‘ஃபேரி டெய்ல்’. அதில் உல்டியர் என்பவள் தன் வாழ்நாளையே கொடுத்துக் காலத்தைத் திருப்புகிறாள், திரும்புவது ஒரே ஒரு நிமிடம். கிழவியாகிக் கிடக்கும் அவளுக்குத் தன் தியாகம் வீண் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பலர் சாவிலிருந்து விலகிக்கொள்கிறார்கள்.

எரி வரும் படலம் சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று கட்டுரை சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். சித்திரவதையைப் படத்தில் விவரமாகக் காட்டவில்லை என்றாலும் என்ன நடந்தது என்று புரிந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கொடுக்கலாம், வீட்டில் ஒரு பெரியவரும் கூடப் படித்தால் நல்லது. விழுந்துவிட்டாள் என்று சொல்லிக் கூட்டிவரப்படும் குழந்தையை அடையாளம் தெரிந்துகொள்ள அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் உரிமை இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியிட்ட மூன்று கட்டங்களை இடமிருந்து வலமாக அடுக்கியிருக்கிறீர்கள். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் எரி டெக்குவின் முதுகில் முதலில் இருக்கிறாள், பிறகு ஓவர்ஹாலிடம் போகிறாள். அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்