முதல் பால் கன்றுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வெண்பன்றிப் பண்ணை ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே அணைக்கட்டுப் பக்கம் வெயில் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குப் போனவன் பத்து மணிக்கே திரும்பிவிட்டேன்.

உன் குட்டிகள் மூன்றாவது வாரத்தில் வெளுத்துப்போய், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகின்றன என்று எழுதியிருக்கிறாய். அது பெரும்பாலும் இரத்தசோகைதான். பன்றிக்குட்டி பிறக்கும்போது உடம்பில் 50 மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்புச்சத்து இருக்கும். அது வளருகிற வேகத்துக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமாவது வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம்தான். மண்ணைக் கிளறித் திரிந்த காலத்தில் மீதி மண்ணிலிருந்து கிடைத்தது. நீ போட்டிருக்கும் சிமெண்ட் தரையில் என்ன கிடைக்கும்? பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசியைக் கழுத்துத் தசையில் போடுவார்கள். இந்த ஈற்றுக்கு அந்த நாள் போய்விட்டது. அதனால் காத்திருக்காதே, கால்நடை மருத்துவரை உடனே வரச் சொல்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தாயே, அது வேண்டவே வேண்டாம். கன்றுக்குட்டியை எடுத்துக்கொள். பிறந்த அன்றைக்கே அதன் இரத்தத்தில் அந்த ஹார்மோன் தாராளமாக ஓடுகிறது. ஆனால் அது சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டிய ஈரல் இன்னும் பக்குவப்படவில்லை. அந்த ஹார்மோன் வந்து ஒட்டுகிற இடங்கள் ஈரலில் குறைவு. ஈரல் சுரந்து உடம்பை நேரடியாக வளர்க்கிற ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் அதனால் சொற்பமாகத்தான் சுரக்கும். வயிறு நிறையப் பால் போகப் போகத்தான் அது ஏறுகிறது. சீம்பாலிலேயே அந்த ஐ.ஜி.எஃப்-1 நிறைய இருக்கிறது, குடலின் உள்தோல் வளர அது உதவுகிறது. பசுவின் மடியில் இருப்பதை விட்டுவிட்டு ஊசியை எதற்குத் தேட வேண்டும்?

போன வாரம் நம்ம செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டது, ராத்திரி இரண்டு மணிக்கு. நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம் என்று அம்மா சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் முன்பு ஒரு கன்றை இழந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். காலை வரை காத்திருந்தோம். நாலாம் நாள் கழிச்சலில் போய்விட்டது. அதன் கண் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கன்று வயிற்றுக்குள் இருக்கும்போது பசுவின் நோய் எதிர்ப்புச் சத்து அதற்குப் போவதில்லை, முழுக்க முழுக்கச் சீம்பால் வழியாகத்தான் போகும். அதை அப்படியே இரத்தத்துக்குள் விடுகிற குடலின் கதவு மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து, ஒரு நாளில் மூடிவிடும். கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கும், கொடி விழவும் அது நல்லதுதான். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அரை மணியில் கன்று மடியில் இருந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு, 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பொழுது விடிவதற்குள் குடித்துவிட்டது.

கன்றின் இரத்தமும் இப்போது மாறிக்கொண்டிருக்கும். கருவில் தாயிடமிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ளத் தனியாக ஒரு ஹீமோகுளோபின் இருந்ததல்லவா, அது மெல்லக் குறைந்து மூன்று மாதத்துக்குள் பெரிய மாட்டின் ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, துள்ளிக்கொண்டுதான் திரிகிறது.

கொடியை அம்மா வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டச் சொன்னாள், கட்டிவிட்டேன். கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். உன் பங்கை உன் தங்கை வீட்டில் கொடுத்தோம்.

மருத்துவர் வந்து பார்த்ததும் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று எழுது. அடுத்த ஈற்றுக்கு மூன்றாம் நாளைக் காலண்டரில் இப்போதே குறித்து வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்