செல்ஃப் எடுக்காத வண்டி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணுக்கு,

சாவியைத் திருப்பினால் சத்தம் மட்டும் வருகிறது, வண்டி கிளம்பவில்லை, பட்டறையில் பேட்டரியையும், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்கள் என்று சொன்னாய். இரண்டையும் மாற்றினாலும் வண்டி கிளம்பும் என்பதற்கு உறுதியில்லை. ஏனென்றால் பழுது இவை இரண்டிலும் இல்லாமல், நடுவில் இருக்கும் கம்பியிலும் இருக்கலாம். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் நீயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் சத்தத்தைக் கவனி. 'டக்டக்டக்' என்று விடாமல் அடிக்கிறதா, ஒரே ஒரு 'டக்'கோடு நின்றுவிடுகிறதா? செல்ஃப் மோட்டாரின் மேல் சோலனாய்டு என்றொரு பாகம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது பல்சக்கரத்தை இஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோத்துவிட்டு, உள்ளே இருக்கும் இரண்டு தடித்த செம்பு முனைகளை இணைக்கிறது. சோலனாய்டு இழுபடக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஆனால் மோட்டார் சுற்றத் தொடங்க 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால், முனைகள் சேர்ந்த அந்தக் கணமே வோல்டேஜ் சரிந்து, சோலனாய்டைப் பிடித்துவைக்கும் பலம் போய், ஸ்பிரிங் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சுமை விலகியதும் வோல்டேஜ் மீண்டும் ஏறும், சோலனாய்டு மறுபடி இழுபடும். விடாமல் அடிக்கும் சத்தத்துக்குக் காரணம் இதுதான். ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் பேட்டரியையோ அதன் இணைப்பையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை அன்று.

ஒரே ஒரு 'டக்' என்றால் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. விளக்கு அடங்கிப்போனால் மறுபடியும் பேட்டரிப் பக்கமே பார். விளக்கு மங்காமல் எரிந்தால், சோலனாய்டின் செம்பு முனை தீய்ந்திருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாருக்குப் போகும் வழியில் இணைப்பு விட்டிருக்கலாம். அப்போது செல்ஃபைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது நியாயம். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேள்.

நான் உனக்கு வாங்கிக் கொடுத்த மல்டிமீட்டரை எடு. இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது; 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய வடிந்துவிட்டது. இந்த ஓர் அளவை நம்பி முடிவெடுத்துவிடாதே. சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரி, சுமை ஏறியதும் படுத்துவிடுவது உண்டு. வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பார்; 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குப் பலமில்லை. இறங்காமல் 12-ஐ ஒட்டியே நின்றால் செல்ஃப் கேட்கும் மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியே போகவே இல்லை என்று பொருள்.

அப்படி வெளியே போகவிடாமல் தடுப்பது பல நேரங்களில் பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையான டெர்மினல்தான். அதில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், விளக்குக்குப் போகும் சிறு மின்சாரம் தடையின்றிப் போகும். செல்ஃப் கேட்கும் பெரும் மின்சாரம் போகாது. வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கு. பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே உலோகம் பட்டால் கை வெந்துவிடும். நெகட்டிவை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவு.

பேட்டரியின் நெகட்டிவை இஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கேபிளையும் மறக்காதே. அவசரத்தில் பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சினின் வெறும் உலோகத்திலும் மாட்டிப் பார். வண்டி உடனே கிளம்பினால் பழுது எர்த்தில்தான்; அந்தக் கேபிளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால், சிவப்பை முதலில் உன் பாசிட்டிவிலும் பிறகு அவர்களுடைய பாசிட்டிவிலும் மாட்டு. கறுப்பை அவர்களுடைய நெகட்டிவில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பேட்டரியிலிருந்து தள்ளி உன் இஞ்சின் உலோகத்தில் கொடு. பேட்டரியின் அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். அங்கே பொறி பறக்கக் கூடாது.

வண்டி கிளம்பிய பிறகு, இஞ்சின் ஓடும்போதே பேட்டரியை அளந்து பார். 13.8-க்கும் 14.4-க்கும் இடையே காட்டினால், ஓடும் இஞ்சினிலிருந்து மின்சாரம் எடுத்துத் தரும் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறது. அப்படியானால் வாரம் முழுவதும் நீ மெட்ரோவில் போய்வர, வண்டி கீழ்த்தளத்தில் சும்மா நின்றதே பேட்டரி வடியக் காரணமாக இருக்கலாம். பேட்டரியை வெளியே எடுத்து முழுச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தாலே போதும். 13-ஐக்கூட எட்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்; புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் வடிந்துவிடும்.

நிற்கும்போது, சாவியைத் திருப்பும்போது, இஞ்சின் ஓடும்போது என மூன்று அளவுகளையும் குறித்து எனக்கு அனுப்பு. அதுவரை பட்டறைக்காரரிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா