அரையாண்டுச் செய்திகளும் ஒன்பதாம் வகுப்பின் தெப்பக்குளப் பாட்டும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்திருக்கிறோம். பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டது. மாலைச் சிறப்பு வகுப்பு உண்டு என்பதால் வீட்டுக்கு வர நேரமாகும். கலைத் திருவிழாவில் வட்டார அளவில் பரிசு வாங்கினோம், கபடிக் குழுவும் நன்றாக ஆடியது. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் குழாய் மாற்றியாயிற்று. அதற்கு அலைந்த பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு நன்றி. பரிசு வாங்கியவர்கள், வாங்காதவர்கள் எல்லோருக்கும் என் பாராட்டு.

அப்புறம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த பாட்டு வீடியோ. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கடைசி வரை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் பள்ளியில் மாதம் ஒரு முறை சிறார் திரைப்படம் காட்டுவது உங்களுக்குத் தெரியும். படம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அப்படிப் பேசிப் பேசித்தான் ஒருநாள் "நாமளே ஒண்ணு எடுத்தா என்ன டீச்சர்?" என்று கேட்டார்கள். முதலில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொண்டு அதற்கு ஆடி வாயசைப்பதாகத்தான் திட்டம். தமிழாசிரியர்தான் வேண்டாம் என்றார். பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் மட்டும் பார்க்கும்படி ஒரு பாட்டைப் பாடவோ போட்டுக் காட்டவோ பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதையே வீடியோவாக்கி இணையத்தில் ஏற்றினால் அந்தச் சலுகை செல்லாது. "அடுத்தவங்க பாட்டு எதுக்கு? உங்க பாட்டை நீங்களே எழுதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் வேலை சூடு பிடித்தது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொண்டார்கள். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் என்பது பாடப்புத்தகத் தகவல். பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் போய்க் கேட்டார்கள். வருடக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடந்ததையும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடியதையும், தைத் தெப்பத்துக்காக மட்டும் தண்ணீர் விட்டதையும், பிறகு பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்ததையும் கேட்டு எழுதி வந்தார்கள். அதைத் தெம்மாங்கு மெட்டில் போட்டார்கள். "கிரிக்கெட்டு ஆடின குளத்துக்குள்ள கெண்ட மீனு துள்ளுதடி" என்று ஒரு வரி வரும். முதல் தடவை அதைக் கேட்டபோது ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் கை தட்டிவிட்டோம். ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியில், இரண்டு சனிக்கிழமைகளில் எடுத்த வீடியோ. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும்.

எடுத்ததைவிட அதை அவர்கள் மதிப்பிட்ட விதம்தான் எனக்குப் பெருமை. டிசம்பரில் பள்ளிக்குள் போட்டுக் காட்டியபோது ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், மூன்று கேள்விகள்தான். எந்தக் காட்சி மனதில் நிற்கிறது? எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது? பாட்டின் வார்த்தைகள் காதில் விழுந்தனவா? "சூப்பர்" என்று மட்டும் எழுதினால் சீட்டு செல்லாது என்று அவர்களே விதி வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தயவுதாட்சண்யம் பார்க்காமல் எழுதித் தள்ளிவிட்டார்கள். தொடக்கத்தில் அரை நிமிடம் வெறும் பெயர்களாக ஓடுகிறது. இரண்டாவது சரணத்தில் வாய் ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. படிக்கட்டில் நின்று பாடும் இடத்தில் காற்றுச் சத்தம் வார்த்தையை விழுங்கிவிட்டது. மனதில் நின்றது எது என்ற கேள்விக்கு, பெரும்பாலான சீட்டுகளில் ஒரே பதில்: படிக்கட்டில் உட்கார்ந்து பழைய கதை சொல்லும் பாட்டி.

ஒன்பதாம் வகுப்பு முகம் சுளிக்கவில்லை. பெயர்களைக் கடைசிக்குத் தள்ளினார்கள். ஒரு வகுப்பறையில் ஜன்னலைச் சாத்தி, சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, இரண்டாவது சரணத்தைத் திரும்பப் பாடிப் பதிவு செய்தார்கள். திருத்திய வீடியோ முதலாவதைவிட நன்றாக வந்திருக்கிறது. குறை சொன்னவர்களால்தான் அது நன்றாக வந்தது என்று வகுப்புத் தலைவி காலைக் கூட்டத்தில் சொன்னாள். பதினான்கு வயதில் இதைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நீங்களும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு யூடியூபில் ஏற்றினோம். தேடினால் வராத மாதிரி, இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைத்து, உங்கள் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கி, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இணைப்பைப் பகிர்ந்தோம்.

சில நாட்களிலேயே பார்வை எண்ணிக்கை நாங்கள் நினைத்ததற்கு மேலே போய்விட்டது. பிள்ளைகளுக்கு முதலில் ஒரே கொண்டாட்டம். எத்தனை பேர் எந்த நொடி வரை பார்த்தார்கள் என்று யூடியூப் ஒரு கோடு போட்டுக் காட்டும். ஆசிரியரோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கோடு முதல் நிமிடத்துக்குள் சரிந்து கிடந்தது. பாட்டி வருவது இரண்டாவது நிமிடத்தில். பள்ளிக்குள் எல்லோருக்கும் பிடித்த இடத்தை இணையத்தில் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. தன் பிள்ளை வரும் இடம் வரை பார்த்துவிட்டுப் போனார்களா, பாட்டு பிடிக்காமல் போனார்களா, பஸ் வந்துவிட்டதா? கோட்டுக்கு அது தெரியாது. துண்டுச்சீட்டுக்குத் தெரியும். இதையும் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்களின் எண்ணிக்கையை 2021 கடைசியிலிருந்து யூடியூப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை, ஏற்றியவர்களுக்கு மட்டும் தெரியும். அதையும் பார்த்தார்கள். சரி, எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்று அதையும் எளிதாக எடுத்துக்கொண்டார்கள்.

கீழே வந்த கருத்துகளை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரும்பாலானவை அன்பான கருத்துகள்தான். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாமா, தானும் அந்தக் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடியதாக நீளமாக எழுதியிருந்தார். அவருக்குப் பிள்ளைகள் பதில் எழுதினார்கள். சிலர் தங்கள் பிள்ளை எத்தனை நொடி வருகிறது என்று எண்ணி என்னிடம் வந்து கேட்டீர்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கேமராவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை ஒரு நொடிகூட வரமாட்டான், ஆனால் நான்கு நிமிடமும் அவன் கண்ணால்தான் நாம் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் இதை நேரிலேயே சொன்னேன்.

ஆனால் முதல் சரணம் பாடும் பெண் பிள்ளையின் நிறத்தைப் பற்றி ஒருவர் எழுதினார். "வேற பிள்ளையே கிடைக்கலையா" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள். அவள் வரும் சில நொடிகளை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, கேலி வாசகம் போட்டு ஸ்டேட்டஸாக வைத்தார்கள். இன்னொருவர், பறை அடிக்கும் பையனைப் பார்த்துவிட்டு அவன் என்ன ஆட்கள் என்று கேட்டு எழுதினார். "பள்ளிக்கூடத்துல இதையா சொல்லிக்குடுக்கிறீங்க" என்று என் அறைக்கே வந்து கேட்டவரும் உண்டு.

அந்தப் பெண் மறுநாள் காலைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் நின்றாள். வழக்கமாகத் தமிழ்த்தாய் வாழ்த்து பாட முன்னால் நிற்பவள். மதியம் என்னிடம் வந்து, "வீடியோவை யூடியூப்ல இருந்து தூக்க வேணாம் டீச்சர், என் முகத்தை மட்டும் மறைச்சிடலாமா?" என்று கேட்டாள். முதல் சரணத்தை எழுதியவளே அவள்தான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பையன் ஒன்றும் பேசவில்லை. பறையைக் கொண்டுவந்து என் அறையில் வைத்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அது என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இணைப்பை நாங்கள் கொடுத்தது பெற்றோர் குழுவில் மட்டும். எழுதியது நீங்களாக இருக்கலாம், நீங்கள் அனுப்பி வைத்த சொந்தக்காரராக இருக்கலாம். எப்படியானாலும் அது நம் வீடுகளிலிருந்துதான் போயிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டை எப்படிக் குறை சொல்வது என்று தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை. பாட்டில் குறை இருந்தால் ஆயிரம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஒரு பிள்ளையின் தோலையும் சாதியையும் தொட்டுப் பேச யாருக்கும் உரிமை இல்லை. கருத்துகளின் படப்பிரதிகளை எடுத்து வைத்திருக்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் படமும் விவரமும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கைமாறக்கூடாது என்பதற்காகத்தான் உங்களிடம் கையெழுத்தே வாங்கினோம். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இன்னொரு முறை இப்படி நடந்தால் சமாதானம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன், புகார் கொடுப்பேன். 

பறையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐந்திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் சேர்த்துத்தான் நம் இலக்கணம் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, பாலைக்குத் துடி என்று உங்கள் பிள்ளைகள் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். நம் மதுரையைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்தப் பறைக்காகத்தான். பாட்டில் அந்தப் பையனின் அடி விழும் இடத்துக்கெல்லாம் காட்சி மாறுகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அவன் தாளம் ஒரு இடத்தில் தவறியிருந்தாலும் மொத்த வீடியோவும் தடுமாறியிருக்கும். அவன் தவறவில்லை.

என் பக்கத்தில் ஒரு தவறு உண்டு. கருத்து எழுதும் வசதியை முதலிலேயே மூடி வைத்திருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களை வீட்டிலேயே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். வீடியோவை இப்போதைக்கு யூடியூபிலிருந்து நீக்கிவிட்டோம். திரும்ப ஏற்றுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். கைப்பேசியில் அந்த வீடியோவையோ வெட்டிய துண்டையோ வைத்திருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை, சொல்லுங்கள். வீட்டில் பிள்ளை எதிரில் இன்னொரு பிள்ளையின் நிறத்தையோ குடும்பத்தையோ பேசாதீர்கள்; சாப்பாட்டு நேரத்தில் பேசியது மறுநாள் வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. எழுதியவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், என் அறைக்கு வாருங்கள். பெயரை வெளியே சொல்ல மாட்டேன். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். உங்கள் பிள்ளை இந்த விஷயத்தில் மனம் வாடியிருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அழைத்துப் பேசலாம், இரண்டும் இலவசம்.

இத்தனையும் எழுதிய பிறகு, நன்றி சொல்லவும் நிறைய இருக்கிறது. படப்பிடிப்பு நடந்த இரண்டு சனிக்கிழமையும் தெப்பக்குளப் படிக்கட்டில் பிள்ளைகளுக்குக் காவலாக வெயிலில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தக்காளிச் சாதம் கட்டிக் கொண்டுவந்த குடும்பம் இருக்கிறது. போர்வை கொடுத்தவர்கள், கேமரா முன்னால் பேசக் கூச்சப்பட்ட பாட்டியைச் சம்மதிக்க வைத்த பேரன், அந்தக் கருத்துகளைப் பார்த்த உடனே இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து சொன்ன மூன்று பெற்றோர்கள். நீங்கள் எல்லோரும் இல்லாமல் இந்தப் பாட்டு இல்லை. 

தைத் தெப்பத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பெற்றோர்களுக்காக வீடியோவை ஒருமுறை போடுகிறோம். இரண்டு பிள்ளைகளும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். முகத்தை மறைக்க வேண்டாம் என்று அவளே வந்து சொன்னாள். கைப்பேசியை வாசலில் வாங்கிக்கொண்டு உங்களுக்கும் அதே துண்டுச்சீட்டைக் கொடுப்பார்கள். பேனா எடுத்து வாருங்கள். பாட்டிகளை மறக்காமல் அழைத்து வாருங்கள், முன் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் தலைமையாசிரியர்