ஞாயிறு மைக்ரோஸ்கோப் போட்டோ – பெற்றோர் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். பசங்க ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்த குளத்துத் தண்ணி போட்டோ எடுக்கறத இந்த ஞாயிறு காலைல 9 மணிக்கு மாடி ஹால்ல வச்சிருக்கோம்.

1. சனி சாயங்காலமே பாட்டில்ல தண்ணி எடுத்துடுங்க, நடுவுல இருக்கற தெளிஞ்ச தண்ணி வேணாம், ஓரத்துப் பாசியப் புழிஞ்ச தண்ணிலதான் விஷயமே இருக்கு. மூடிய இறுக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. பசங்கள தனியா குளத்துக்கு அனுப்பவே கூடாது.

2. போன் புல் சார்ஜ், லென்ஸ் துடைச்சிருக்கணும். ஐபீஸ் (மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சுப் பாக்கற பகுதி) மேல போன வச்சு கிளிக் பண்ணா கை ஆடும், அதனால 3 செகண்ட் டைமர் போட்டுக்கோங்க, இல்ல வீடியோ எடுத்து அதுலருந்து ஒரு பிரேம எடுத்துக்கலாம் (எனக்கு இதுதான் சரியா வருது).

3. கொஞ்சம் பஞ்சு. பாரமீசியம் (குளத்துத் தண்ணில நீந்தற ஒரு செல் உயிரி) கால் மில்லிமீட்டர்தான் இருக்கும் ஆனா நிக்கவே நிக்காது, ரெண்டு பஞ்சு இழை போட்டா இடம் இல்லாம மெதுவாயிடும்.

4. முதல்ல 40 மடங்கு பெருசாக்கிப் பாருங்க, அப்புறம் 100. எடுத்தவுடனே 400 போனா ஒண்ணும் கிடைக்காது.

5. ஃபோல்ட்ஸ்கோப் (மடிச்சு செய்யற காகித மைக்ரோஸ்கோப்) வச்சிருக்கவங்க கொண்டு வாங்க, அதுவே 140 மடங்கு காட்டும்.

ஸ்லைடு 20தான் இருக்கு, வர்றவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள எத்தன பசங்கன்னு இங்கயே போடுங்க. வெறும் கட்டைவிரல் போட்டா கணக்குல வராது!